இடது காதுக்கு மட்டும்

இரண்டாம் சரணம் முடியும் இடத்தில்
ஒரு லாரி ஹாரன் இருக்கிறது.
களியக்காவிளை மார்க்கெட்டை ஒட்டிய மாடி அறையில்
ஜன்னல் இடுக்கில் தலையணை திணித்து
பாட்டிலில் அரிசி போட்டு நான் குலுக்கிப் பதிந்த இரவு
மீன்வண்டியோ கோழிவண்டியோ
எல்லை தாண்டும் அவசரத்தில் விட்டுப்போனது.

அதன்பின் எந்தக் கல்யாணத்துக்கும்
அந்த லாரி வராமல் இருந்ததில்லை.
பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரை,
எங்கே பாடினாலும் அந்த இடத்தில்
நாலைந்து தலைகள் கார் நிறுத்திய பக்கம் திரும்பும்.
ஒருமுறை பெண்ணின் மாமா
சாவியோடு எழுந்தே போய்விட்டார்.

அழித்துப் பார்த்தேன்.
அன்று மேடையில் எனக்கு மூச்சு முட்டியது.
இத்தனை நாளும் லாரி போகட்டும் என்று
நின்று பழகியிருக்கிறேன் போல.
திரும்பப் போட்டுக்கொண்டேன்.

நாலு பேராக இருந்தோம்.
நாலு பேருக்கான தொகையைச் சொன்னதும்
மண்டபக்காரர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார்.
"ஒராளு மதி. பாக்கி பெட்டீல் வரட்டே."
பிரைட் குழித்துறையில் அலுமினியக் கதவு போடுகிறான்.
சுஜினுக்குச் சபையில் கீபோர்டு, சம்பளம் ஜெபத்தில்.
ஜஸ்டஸ் வீடுவீடாக சிசிடிவி மாட்டுகிறான்.
நான் இரண்டு பென் டிரைவ் வாங்கினேன்:
சிவப்பில் மலையாளம்,
நீலத்தில் தமிழ்.

வலது கம்பி ஊருக்கு.
இடது கம்பி என் காதுக்கு மட்டும்:
டிக் டிக் டிக் டிக்.
கேக் வெட்டக் கத்தியைக் காணவில்லை என்றால் அது நிற்காது.
மாப்பிள்ளையின் அம்மா மேடையேறி
மைக்கைப் பிடித்து அழ ஆரம்பித்தால்
இன்னொரு சுற்று வாசிக்க அதற்குத் தெரியாது.
போனை விமான முறையில் போட மறந்த அன்று
உருக்கமான பாட்டின் நடுவில்
கேஸ் புக்கிங் பெண் மண்டபம் முழுக்கப் பேசினாள்,
ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்.
முன்பு நாலு பேர் பங்கிட்டுக்கொண்ட தப்புகள்
இப்போது என் ஒருத்தி கணக்கில்.

போன மாதம் பாறசாலையில்
ஜஸ்டஸ் விருந்தாளியாக வந்திருந்தான்.
நீலச் சட்டை, இஸ்திரி போட்டது.
கை கழுவப் போகிறவன்போல மேடையோரம் வந்து
"மக்கா, நான் ஒருநாளும் இவ்வளவு சரியா அடிச்சதில்ல, கேட்டியா"
என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
அவன் உருட்டும் உருட்டைத்தான்
ஒவ்வொரு கட்டமாக மவுஸால் நட்டு வைத்திருந்தேன்.
சொல்லவில்லை.
அவனுக்கா தெரியாது.

மூன்றாம் மேஜையில் பிரியாணி வந்தது.
வலது கை சோற்றில்,
இடது கை தண்ணீர் ஜக்கின்மேல்.
தட்டினான்.
அவனுக்கு எப்போதும் கை கொஞ்சம் இழுக்கும்,
அதற்காகவே குமரி மாவட்டம் முழுக்க
சண்டை போட்டுக்கொண்டு வேனில் போயிருக்கிறோம்.
என் மணிக்கட்டு என்னிடம் கேட்கவில்லை.
ஜக்கோடு போனது.
காதில் டிக் டிக் முன்னால் நடந்துபோக
நான் பின்னால், அவன் பக்கத்தில்,
அப்பளம் நொறுக்கிய யாரும் நிமிரவில்லை.

லாரி வந்தபோது
நான் ஒரு சொல்லின் பாதியில் இருந்தேன்.

எல்லோரும் வாசல் பக்கம் பார்த்தார்கள்.
ஜஸ்டஸ் என்னைப் பார்த்தான்.
ஜக்கிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டான்.

மீதிப் பாதியை விழுங்கிவிட்டு
ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

கவரை ஆட்டோவில் பிரித்து எண்ணினேன்.
ஒரு ஆளுக்கு.
சரியாக இருந்தது.